வாசகர் கேள்விகள்: ஆற்றுக்கு இக்கரையில் 20,600, அக்கரையில் 35,400

ஐயா, இடைநிலை ஆசிரியராகத் தேர்வாகி கடலூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் சேரப் போகிறேன். கைக்கு எவ்வளவு வரும்? என் அத்தை மகள் பாகூரில் புதுச்சேரி அரசுத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறாள். அவள் வாங்குகிற சம்பளத்தைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஒரே வேலைதானே?
- வாசகி, மஞ்சக்குப்பம்

வாழ்த்துகள் அம்மா. உங்களுக்கு ஊதிய நிலை 10, அடிப்படைச் சம்பளம் 20,600-ல் ஆரம்பம். 2025 ஜூலை முதலான அகவிலைப்படி 58 சதவீதம் என்று போட்டால் 11,948, ஆக 32,548. இதோடு வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி சேரும். பிடித்தம் என்று பார்த்தால் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம், சுமார் 3,255 ரூபாய், ஓய்வூதியத்துக்குப் போய்விடும், அப்புறம் மருத்துவக் காப்பீடு, குடும்பப் பாதுகாப்பு நிதி என்று சில நூறுகள். முப்பதாயிரத்தை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதச் சம்பளம் முதல் மாதமே வரும் என்று நம்பி யாரிடமும் தவணை பேசிவிடாதீர்கள், பணிப்பதிவேடு திறந்து, ஓய்வூதியக் கணக்கு எண் வாங்கி, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பட்டியல் போட்டுக் கருவூலத்துக்குப் போக நாளாகும்.

இப்போது அத்தை மகள். புதுச்சேரி யூனியன் பிரதேசம், அங்கே மத்திய அரசின் ஊதிய அட்டவணைதான். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு நிலை 6, அடிப்படை 35,400. அதே 58 சதவீதம் போட்டால் 20,532. வாடகைப்படி நமக்கு ஒரு நிலையான தொகை என்றால் அவர்களுக்குப் புதுச்சேரி நகர்ப்பகுதி என்றால் அடிப்படையில் 20 சதவீதம், அதாவது 7,080. அப்படிப் பார்த்தால் மொத்தம் 63,012, அதுவும் சேர்ந்த புதிதில்! தமிழ்நாடு அகவிலைப்படியில் மட்டும் டெல்லியைப் பின்பற்றும், அடிப்படைச் சம்பளத்தைத் தானே முடிவு செய்யும், வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள், பெண்ணையாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே பச்சைதான். ஆனால் அங்கே விண்ணப்பிக்கப் புதுச்சேரி குடியிருப்புச் சான்று கேட்பார்கள்.

நான் 2009 ஜூலையில் சேர்ந்தேன். என் பள்ளியிலேயே அதே வருடம் சில மாதம் முன்னால் சேர்ந்த ஆசிரியை என்னைவிடப் பல ஆயிரம் கூடுதலாக வாங்குகிறார். படிப்பும் ஒன்று, வகுப்பும் ஒன்று. எப்படி?
- இடைநிலை ஆசிரியர், பண்ருட்டி

உங்களுக்கு நடுவில் நிற்பது 1.6.2009 என்கிற தேதி. அன்றைக்குத்தான் ஆறாவது ஊதியக்குழு அரசாணை வந்தது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்குப் பழைய 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370 கொடுத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்குப் புதிய விகிதத்தின் அடிமட்டமான 5,200. இருவருக்கும் தர ஊதியம் 2,800தான். ஆக வித்தியாசம் 3,170. அது அப்படியே நிற்கவில்லை, குட்டி போட்டது. 2017-ல் எல்லாவற்றையும் 2.57-ஆல் பெருக்கியபோது 5,200-உம் 2,800-உம் சேர்ந்த உங்கள் 8,000 என்பது 20,600 ஆனது, அவருடைய 11,170 என்பது 28,700-ஐத் தாண்டியது. வருடாந்திர உயர்வு 3 சதவீதம், அகவிலைப்படி எல்லாமே இதன்மேல்தான். இதை ஆராய 2023 ஜனவரியில் மூவர் குழு போட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை தலைமையகமான டி.பி.ஐ. வளாகத்தில் உங்கள் சங்கத்தார் உண்ணாவிரதம் இருந்து மயங்கி விழுந்த பிறகுதான் அதுவும் வந்தது. கவனக்குறைவாகப் போட்ட அரசாணை என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் எந்த ஆட்சி வந்தாலும் இத்தனை வருடம் அதைத் திருத்தாமல் இருப்பதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாதக் கடைசியில் பக்கத்துப் பள்ளிக்குச் சம்பளம் ஏறிவிடுகிறது, எங்களில் நான்கு பேருக்கு மட்டும் ஏறவில்லை. யாரைக் கேட்பது?
- பட்டதாரி ஆசிரியர், விருத்தாசலம்

தலைமை ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் பணியிடம் எந்த அரசாணையில் உருவானது? ஆள் நிரந்தரமாக இருந்தாலும் பணியிடம் தற்காலிகமாக இருக்கும், ஊதியத் தொடர் நீட்டிப்பு ஆணை முடிந்துவிட்டால் புதியது வரும்வரை கருவூலம் பட்டியலைத் தொடாது. சமக்ர சிக்‌ஷா கணக்கில், அதாவது மத்திய அரசும் பணம் தருகிற பள்ளிக் கல்வித் திட்டக் கணக்கில், வருகிற பணியிடம் என்றால் அது வேறு தலைவலி. பி.எம். ஸ்ரீ என்கிற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-ல் மத்திய அரசு அந்தக் கணக்குக்கான பணத்தில் 2,000 கோடிக்கு மேல் நிறுத்தி வைத்தது நினைவிருக்கும்.

என் கணவர் பகுதி நேர ஓவிய ஆசிரியர். அவருக்கு எப்போது ஊதிய உயர்வு, அகவிலைப்படி எல்லாம் வரும்?
- வாசகி, நெல்லிக்குப்பம்

வருத்தமாகத்தான் சொல்கிறேன் அம்மா, அவர் ஊதிய அட்டவணைக்குள்ளேயே இல்லை. அவருக்குத் தருவது தொகுப்பூதியம். 2012-ல் 16,549 பேரை வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 என்று எடுத்தார்கள். 2021-ல் அது 10,000 ஆனது, 2024-ல் 12,500 ஆனது. இடையில் உயர்ந்ததெல்லாம் போராடியோ, சட்டமன்றத்தில் அறிவித்தோ வந்ததுதான், தானாக ஏறுகிற படி எதுவும் கிடையாது. பல வருடம் மே மாதத்துக்குச் சம்பளமே இல்லை, மே மாதத்தில் வீட்டில் அடுப்பு எரியாதா என்ன? அரை நாள் ஆசிரியர் என்பது காகிதத்தில்தான், ஆண்டு விழா மேடைத் துணியில் எழுத்து எழுதுவதற்கு முழு நாளும் அவர்தான் இருப்பார். பணி நிரந்தரம் செய்வோம் என்று தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் சொன்னது, அதைப் பிடித்துக்கொண்டுதான் சங்கங்கள் கேட்கின்றன.

எம்.எட். முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு உண்டா சார்?
- பட்டதாரி ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

இல்லை தம்பி. அந்த உயர்வை 10.3.2020-லேயே நிறுத்திவிட்டார்கள். முதுகலை ஆசிரியர் பதவி உயர்வை நினைத்துப் படிப்பதானால் எம்.எட். வேண்டாம், உங்கள் பாடத்தில் எம்.ஏ.வோ எம்.எஸ்சி.யோ முடியுங்கள். பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்கச் சம்பளம் 36,400, முதுகலை ஆசிரியருக்கு 36,900. அந்த ஐந்நூறையும் கணக்கில் வைத்துக்கொண்டு கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுங்கள்.