மனச்சோர்வுக்கு நடத்தைச் சிகிச்சையையும் சிந்தனைச் சிகிச்சையையும் ஏன் சேர்த்துக் கொடுக்கிறார்கள்?

மனச்சோர்வு வந்தவர் முதலில் கைவிடுவது பழகிய வேலைகளைத்தான். பாம்பனில் ஒரு மீனவர் என்று வையுங்கள். கடலுக்குப் போவதில்லை, டீக்கடைப் பக்கமும் தலைகாட்டுவதில்லை. அங்கே கிடைத்த சின்னச் சின்னத் திருப்தியும் நின்றுபோக, சோர்வு இன்னும் கூடுகிறது. நடத்தைச் சிகிச்சை இந்தச் சுற்றை அறுக்கிறது: 'நாளைக் காலை 7 மணிக்குக் கிழிந்த வலையில் பத்துக் கண் மட்டும் சரிபண்ணுங்கள்.' அவ்வளவு சின்ன வேலைதான்.

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த சிந்தனைச் சிகிச்சையோ, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்புக்கு ஆதாரம் கேட்கிறது. சும்மா வாதாடினால் அந்த நினைப்பு அசையாது. சரிசெய்த வலை கையில் இருந்தால் கொஞ்சம் அசையும்.

கரையேற்றிப் போட்ட மரவள்ளம் வெயிலில் காய்ந்து பலகை இடுக்கு விடும். இடுக்கை அடைக்கவும் வேண்டும், வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கவும் வேண்டும். அதுபோலத்தான், நினைப்பைச் சரிசெய்யவும் வேண்டும், வேலையில் இறங்கவும் வேண்டும்.

சோர்வு கடுமையானால் மாத்திரையும் தேவைப்படும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனஸின் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

'மனசு சரியாகட்டும், பிறகு வேலையைப் பார்ப்போம்' என்று வீட்டிலும் சொல்வார்கள்; இந்தச் சிகிச்சையில் வரிசை நேர் எதிர், மனசு சரியில்லாதபோதே சின்ன வேலையைத் தொடங்க வைக்கிறார்கள்.