வழக்கு உங்கள் மேல் இல்லை, பொருள் மட்டும் போலீஸிடம்: கேள்வி-பதில்

கே: நண்பர் இரவல் வாங்கிப்போன என் பைக்கைத் திருட்டு வழக்கில் பிடித்துவிட்டார்கள். கேட்டால், "கோர்ட்ல வாங்கிக்கோங்க" என்கிறார்கள்.

ப: தட்டிக்கழிப்பதுபோலத் தோன்றினாலும் வழி அதுதான். பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதில் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 106-ஆம் பிரிவின் கீழ் கைப்பற்றியதும் மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். எண்ணும் கைப்பற்றுதல் மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பட்டியல்) நகலும் முதலில் தேவை. மகஜரிலுள்ள இன்ஜின், சேஸிஸ் எண்களை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், ஓர் இலக்கம் பிசகினாலும் மனு இழுத்தடிக்கும். வண்டி இன்னும் கோர்ட் முன் வரவில்லையென்றால் 503-ஆம் பிரிவில் மனு, வந்துவிட்டால் 497-இல் (பழைய சட்டத்தில் 457, 451). ஆர்.சி., இன்ஷூரன்ஸ், அடையாள அட்டை இணையுங்கள். தவணை பாக்கியிருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் ஆட்சேபணையின்மைக் கடிதமும். பிணைப்பத்திரம், ஜாமீன்தாரர் கேட்பார்கள். விற்கவோ நிறம் மாற்றவோ கூடாது என்பார்கள். வண்டிகளை ஸ்டேஷனில் நெடுநாள் நிறுத்துவதில் பயனில்லை என்று 2002-இல் சுந்தர்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவில் குறிப்பிடுங்கள். அனுமதித்தால் பேட்டரி, டயர், மீட்டரைப் போட்டோ எடுத்துவிடுங்கள். மழையிலும் வெயிலிலும் நின்ற வண்டியில் எது காணாமல் போனது என்ற தகராறு பிறகுதான் கிளம்பும்.

கே: ஹோட்டலுக்கு வந்த 1,800 ரூபாய் யுபிஐ பணத்துக்காக வெளிமாநில சைபர் போலீஸ் என் மொத்தக் கணக்கையும் முடக்கியிருக்கிறது.

ப: மோசடிப் பணம் பல கணக்குகள் தாண்டி உங்களிடம் சாப்பாட்டுக் காசாக வந்திருக்கும். 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் பதிவான புகார் அந்தத் தடத்திலேயே வந்து நிற்கும். புகார் எண், ஸ்டேஷன், சந்தேகத் தொகை மூன்றையும் கிளையில் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். அன்றைய பில், கணக்கு அறிக்கை, கடை உரிமத்தை விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, அந்த 1,800-ஐ மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கேளுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் இப்படி உத்தரவிட்டிருக்கிறது. அசையவில்லையென்றால் அந்த ஊர் மாஜிஸ்திரேட், அல்லது இங்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. "பணம் போடுங்க, எடுத்துவிடறேன்" என்று போனில் வருபவன் அடுத்த மோசடிக்காரன்.

கே: வீட்டையும் எடுத்துக்கொள்வார்களா?

ப: 106-இன் கீழ் முடியாது, அசையாச் சொத்து அதில் வராது என்று பழைய சட்டத்தின் 102-ஐ வைத்து உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்த்துவிட்டது. 107 வேறு: குற்றத்தில் வந்த சொத்து என்று எஸ்.பி. ஒப்புதலோடு போலீஸ் அதை முடக்கச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாம். நோட்டீஸ் வந்தால் 14 நாளில் பதில் போடுங்கள். விட்டால் நீங்கள் இல்லாமலே உத்தரவாகும்.

கே: டிரைவர் கஞ்சா கடத்தி என் லாரி மாட்டிக்கொண்டது.

ப: இங்கே சுமை உங்கள் தலையில். என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) 60(3)-படி, உங்களுக்குத் தெரியாது என்பது மட்டும் போதாது. எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாக நீங்கள்தான் காட்ட வேண்டும். டிரைவர் நியமனக் கடிதம், லைசென்ஸ் நகல், ஜிபிஎஸ் பதிவு, சரக்கு பில், ஈ-வே பில் திரட்டுங்கள். மனு சிறப்பு நீதிமன்றத்தில். சத்தீஸ்கரிலிருந்து ராணிப்பேட்டைக்கு இரும்புத் தகடு ஏற்றிவந்து இப்படிச் சிக்கிய லாரியை, உரிமையாளர் மேல் வழக்கில்லாத நிலையில், 2025-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் அது இடைக்கால விடுவிப்பு. பறிமுதல் கேள்வி வழக்கு முடிவில் திரும்ப வரும். அதுவரை அந்தக் காகிதங்களைத் தூக்கிப்போடாதீர்கள்.