சென்னையில் வேலை, வீடு, வண்டி: வாசகர் கேள்வி பதில்

எனக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்திருக்கிறது; மனைவிக்குக் கிண்டியில். மேடவாக்கத்தில் வாடகை குறைவு என்கிறார்கள். நாவலூரிலேயே இருந்துவிடு என்கிறார் நண்பர். வேளச்சேரியில் ரயில் இருக்கிறதே என்கிறார் மாமனார். எங்கே வீடு பார்ப்பது?
வாசகர், ஆலங்குளம்

சென்னையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. நிமிடக் கணக்குதான் சோறு போடும். பழைய மகாபலிபுரம் சாலை தொடங்கும் மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அதே தூரத்தை ஞாயிறு காலையில் கடப்பதும் செவ்வாய் மாலையில் கடப்பதும் ஒன்றல்ல. மாதவரம்–சிறுசேரி மெட்ரோ பாதை வேலைக்காகப் பழைய மகாபலிபுரம் சாலையின் நடுப்பகுதியைத் தடுப்பு வைத்து எடுத்துக்கொண்டார்கள். அதனால் அந்தச் சாலையை இரண்டு வேளையும் முழுநீளத்துக்குக் கடக்கிற மாதிரி வீடு பிடிக்காதீர்கள்.

வேளச்சேரி பறக்கும் ரயில் மயிலாப்பூர், சேப்பாக்கம் வழியாகக் கடற்கரை நிலையத்துக்குப் போவது. அது கிண்டியைத் தொடாது. புதிதாக வருகிறவர்கள் பலர் இதில் ஏமாறுகிறார்கள். மேடவாக்கத்தில் வாடகை குறைவுதான். ஆனால் உங்கள் இருவருக்குமே ரயில் கிடையாது. நாவலூர் உங்களுக்கு வசதி. ஆனால் மனைவி தினமும் இரண்டு வேளை சாலையில் அவதிப்பட வேண்டும்.

எங்கள் யோசனை தாம்பரம். கிண்டிக்குப் புறநகர் ரயில், அதுவும் பல வண்டிகள் தாம்பரத்திலேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். உங்களுக்கு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை. அது சிறுசேரிக்குத் தெற்கே போய்ச் சேருவதால், நகரத்திலிருந்து வருகிற கூட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அலுவலகப் பேருந்து உண்டா, எந்தத் தடத்தில் வருகிறது என்று வேலையில் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வாடகை இன்னும் மலிவாக இருந்தால் உடனே ஆசைப்பட வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த பகுதிகள் அவை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வார நாளில் அந்த வீட்டு வாசலிலிருந்து காலை 8.30க்குக் கிளம்பி அலுவலகம் போய்ப் பாருங்கள்; மாலை 6.30க்குத் திரும்புங்கள். வீட்டு புரோக்கர் சொல்கிற "பத்து நிமிஷம்தான் சார்" எத்தனை நிமிடம் என்று அப்போது தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை வேறு. சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் தனித்தனியாகத் திறந்து வாயில் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் ஒன்றில் மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியத் தண்ணீர், மற்றதில் போர் தண்ணீர். குழாய் மூக்கில் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால் தண்ணீர் உப்பு. வாஷிங் மெஷினும் கீசரும் சீக்கிரம் போகும். ஏப்ரல், மே மாதங்களில் எத்தனை லாரி தண்ணீர் வாங்குகிறார்கள், அந்தக் காசு மெயின்டனன்ஸில் சேர்ந்ததா, தனியா என்று கேளுங்கள். மழைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். முழங்காலா, இடுப்பா என்று கை வைத்தே காட்டுவார். பக்கத்து வீட்டு மதில் சுவரில் ஒரே மட்டமாக ஓடும் பழுப்புக் கோடு, புதிதாக உயரத்தில் தூக்கி மாட்டிய மீட்டர் பெட்டி, வாசலில் பிற்பாடு கட்டிய அரையடித் திண்டு: மூன்றும் தண்ணீர் வந்துபோன அடையாளங்கள்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய வழக்கத்தை இன்னும் சிலர் விடவில்லை, பேசிக் குறையுங்கள். வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். காலி செய்யும்போது சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே சேரும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வீட்டில் அந்தச் சலுகை கைக்கு வராது.

போரூரிலிருந்து கிண்டிக்கு இப்போதுதான் ஸ்கூட்டர் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். பஸ் பக்கத்தில் வந்தாலே கை நடுங்குகிறது. கத்திப்பாராவில் ஒருமுறை வழி தவறி அழுதுவிட்டேன். பழகிவிடுமா, விட்டுவிடலாமா?
வாசகி, போரூர்

விட வேண்டாம், சகோதரி. பயம் இருக்கிறவர்தான் கவனமாக ஓட்டுவார். எங்கே எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் கை நடுக்கம் நிற்கும்.

பஸ்ஸைப் பொறுத்தவரை ஆபத்தான இடம் அதன் இடப்பக்கம். நிறுத்தத்துக்காக அது ஓரம் கட்டும்போது பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் நுழைந்தால் டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். இறங்குகிறவர்களும் நேரே உங்கள் சக்கரத்தின் முன் கால் வைப்பார்கள். பின்னால் நின்றுவிடுங்கள், அல்லது பின்பக்கம் பார்த்துவிட்டு வலப்பக்கமாகக் கடந்து போங்கள். ஷேர் ஆட்டோ பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். ஆள் கை காட்டினால் சிக்னல் போடாமலே நிற்கும்.

கத்திப்பாரா மேம்பாலம் பூவிதழ் மாதிரி வளைவுகள் கொண்டது. வலப்பக்கத்து ஊருக்குப் போக வேண்டியவரும் நேரே போய், இடப்பக்கம் பிரியும் வளைவில் ஏறித்தான் சுற்றி வர வேண்டும். ஆகவே முந்நூறு மீட்டர் முன்பிருந்தே இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். வளைவில் ஏறுகிறவரும் அதிலிருந்து இறங்குகிறவரும் ஒரே சிறிய தூரத்தில் குறுக்கே மாறிக்கொள்கிற இடம்தான் உரசல் நடக்கும் இடம். அங்கே வேகத்தைக் குறையுங்கள், ஆனால் நிற்காதீர்கள். வழி தவறினால் தவறியதுதான். நேரே போய் அடுத்த யூ டர்னில் திரும்புங்கள். ஓரத்தில் நிறுத்திப் பின்னால் தள்ளிக்கொண்டு வருவதுதான் உயிருக்கு ஆபத்து. இரண்டு ஞாயிறு, காலை 6 மணிக்கு, எல்லா வளைவிலும் ஒரு தடவை ஏறி இறங்குங்கள்.

உங்கள் வழியில் மெட்ரோ தூண் வேலை நடந்த இடங்களில் சாலையில் இரும்புத் தகடு போட்டிருந்தால், மழையில் அது எண்ணெய் தடவியது போல வழுக்கும். அதன்மேல் வண்டியைச் சாய்க்காமல், பிரேக் தொடாமல், ஆக்சிலேட்டர் திருகாமல் நேராகக் கடக்க வேண்டும். டயர் காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலான 110 சிசி ஸ்கூட்டர்களுக்குத் தனியாகப் போகும்போது முன்னால் 22 psi, பின்னால் 29 psi. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். முன் டயரில் காற்று குறைந்தால் ஹேண்டில் கனக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் அதைத் தங்கள் பயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மாதம் 1,000 ரூபாய் மாநகரப் பேருந்து பாஸ் எடுத்தால் லாபமா?
வாசகர், பெரம்பூர்

நாளுக்கு 40 ரூபாய்க்கு மேல், மாதம் 25 நாள் செலவாகிறதென்றால் லாபம். இரண்டு பஸ் மாறிப் போகிறவருக்குக் கண்டிப்பாக. வீட்டுப் பெண்களுக்குக் கணக்கே வேண்டாம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் கட்டணமில்லை.

போன மழையில் முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. ஐந்தாறு தடவை செல்ஃப் அடித்தேன். பிறகு இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். தண்ணீரில் நின்றதால் இன்ஜின் போகுமா?
வாசகர், வேளச்சேரி

தண்ணீரில் நின்றதால் போகவில்லை. செல்ஃப் அடித்ததால் போயிருக்கிறது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால் கனெக்டிங் ராடு வளையும். நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது அங்கேதான் ஆயிரக்கணக்கில் போகிறது. வேதனையாக இருக்கிறது, ஒவ்வொரு மழைக்கும் இதே கேள்வி எங்களுக்கு வருகிறது.

அடுத்த முறை வண்டி நின்றால் சாவியை அணைத்து எடுத்துவிட்டு மேட்டுக்குத் தள்ளுங்கள். மெயின் ஸ்டாண்ட் போடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய், முனையில் மூடியோடு தொங்கும். மூடியைப் பிடுங்கினால் உள்ளே போன தண்ணீர் வடியும். ஒரு சொட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். வந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சாவி அணைந்த நிலையிலேயே கிக்கரைப் பதினைந்து தடவை மெதுவாக மிதியுங்கள். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். முகத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். கிக்கர் இல்லாத வண்டி என்றால் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

பிறகு ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. வடித்துப் புது ஆயில் ஊற்றி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்ற வேண்டும். ஒரே தடவையோடு விட்டால் மூலையில் தங்கிய தண்ணீர் பேரிங்கைத் தின்னும். வண்டி உறுமுகிறது, நகரவில்லை என்றால் இடப்பக்கத்துப் பெல்ட் பெட்டிக்குள் ஈரம், காய்ந்தால் சரியாகும். தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக நாலைந்து தடவை பிடித்து விடுங்கள், டிரம் காயும்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு வார்த்தை: தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் உடைந்தால் சாதாரண இன்சூரன்ஸ் அதைத் தராது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு பாலிசியில் இருக்கிறதா என்று அக்டோபருக்கு முன்பே பாருங்கள். துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம் சுரங்கப்பாதைகளில் கனமழை நாளில் "முன்னால் போனவர் போய்விட்டாரே" என்று இறங்காதீர்கள். தி.நகருக்கும் மேற்கு மாம்பலத்துக்கும் நடுவே என்றால் கோடம்பாக்கம் மேம்பாலம் சுற்றுதான், ஆனால் தண்ணீர் நிற்காத பாதை.

வடபழனியிலிருந்து அண்ணா நகர் வரை தினமும் காரில் போகிறேன். 25,000 கிலோமீட்டரிலேயே கிளட்ச் போய்விட்டது. கார் சரியில்லையா?
வாசகர், வடபழனி

காரைக் குறை சொல்ல முடியாது. நூறடி சாலை நெரிசலில் அரை கிளட்சில் ஊர்ந்துகொண்டே போனால் கிளட்ச் பிளேட்டும் ஃபிளைவீலும் உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில்தான் காகிதம் கருகிய வாடை வரும். முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விழட்டும். பிறகு கிளட்சை முழுதாக விட்டு முதல் கியரில் நகருங்கள். பத்து வினாடிக்கு மேல் நின்றால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். மேம்பால ஏற்றத்தில் கிளட்சால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜின் சத்தம் லேசாக இறங்கும்போது விடுவித்து ஏறுங்கள். மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனென்றால் கியர் பாக்ஸை இறக்கும் கூலி ஒன்றுதான். இறக்கியிருக்கும்போதே இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கசிந்தால் புது பிளேட்டும் நனைந்து வழுக்கும்.

12 ஆண்டுகளாக இங்கே வேலை. ஊரிலிருந்து திரும்பும்போது செங்கல்பட்டு தாண்டியதும் நெஞ்சு கனக்கிறது. ஊரில் பத்து நாள் இருந்தாலோ சென்னைக்கு வரத் தோன்றுகிறது. திரும்பிப் போய்விடலாமா?
வாசகர், கும்பகோணத்துக்காரர், இப்போது பல்லாவரம்

இரண்டு எண்ணமும் உண்மையானவை. ஒன்றைப் பொய்யாக்கித்தான் மற்றொன்றை ஏற்க வேண்டும் என்பதில்லை. உங்களை வாட்டுவது ஊரா, பயணமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். போக ஒன்றரை, வர ஒன்றரை மணி நேரம் என்றால் 22 நாளைக்கு 66 மணி நேரம். எட்டு முழு வேலை நாளுக்கு மேல் சாலையில் போகிறது. இதைக் குறைக்காமல் சென்னை பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவது சென்னைக்கு நியாயமில்லை. பல்லாவரத்தில் ரயில் இருக்கிறது. மூன்று மாதம் வண்டியை வீட்டில் விட்டு சீசன் டிக்கெட் எடுங்கள். முடிந்தால் 8 மணிக்கு முன்பே அலுவலகம் சேரும் ஷிஃப்ட் கேளுங்கள். மிச்சமாகும் நேரத்தில் கோட்டூர்புரம் நூலகமோ, விடியற்காலைப் பெசன்ட் நகர் கடற்கரையோ, டிசம்பர்க் கச்சேரியோ, எதற்காக இங்கே வரத் தோன்றுகிறதோ அதற்குப் போங்கள்.

அதற்குப் பிறகும் நெஞ்சு கனத்தால் ஊருக்குப் போகும் ஏற்பாட்டை முறையாகச் செய்யுங்கள். வேலையை விட்டால் அலுவலக மருத்துவக் காப்பீடு அன்றே நிற்கும். சொந்தமாக எடுக்கும் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஆகவே வேலையில் இருக்கும்போதே குடும்பப் பாலிசி எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் இருந்தால் பத்தாவது, பன்னிரண்டாவது வகுப்பு நடுவில் மாற்ற வேண்டாம்.

இப்போதைக்கு அந்தத் திரும்பும் இரவையாவது இலகுவாக்கிக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்து பேருந்தில் வந்தால் பரனூர் சுங்கச்சாவடியிலிருந்தே வண்டிகள் நத்தையாக நகரும். கிளாம்பாக்கத்தில் இறங்கி மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். ரயிலில் வந்து எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கினால் பல்லாவரம் மின்சார ரயிலில் சில நிலையங்கள்தான். முன்பதிவு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கிறது. ஜனவரி 18 இரவு கிளம்புகிற ரயிலுக்கு நவம்பர் 19 காலையில் உட்காருங்கள்.