பாடாங் வெறும் புல்தரையா?

"சிங்கப்பூர் பாடாங் வெறும் புல்தரைதானே, அதை எதற்குத் தேசிய நினைவுச்சின்னம் ஆக்கினார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மலாயில் பாடாங் என்றாலே திடல்தான். பரப்பளவு 4 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். ஒரு முனையில் 1852-இல் தொடங்கிய கிரிக்கெட் கிளப், அன்று ஐரோப்பியர்களுக்கு. மறுமுனையில் 1883-இல் யுரேசியர்கள் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சத்தினர்) தங்களுக்காகத் தொடங்கிய ரிக்ரியேஷன் கிளப். ஒரே புல்லில் ஆடினாலும் இருப்பிடம் வேறு வேறு. காலனிக் காலத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு கட்டடங்களே போதும்.

ஆட்சி கைமாறியதை ஊர் கண்டதும் இங்கேதான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஐரோப்பியர்களை இத்திடலில் கூட்டிவைத்து, அப்புறம் சிறைக்கு நடத்திப் போனார்கள் ஜப்பானியர்கள். 1945 செப்டம்பர் 12 அன்று அதே ஜப்பானியர்கள், எதிரே இருக்கும் நகர மண்டபத்தில் சரணடைந்து கையெழுத்திட்டார்கள். 1966-இல் முதல் தேசிய தின அணிவகுப்பு நடந்ததும் இங்கேதான்.

ஆனால் நான் அங்கே போனால் நினைப்பது 1943 ஜூலை 5-ஐ. அன்று நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, "டெல்லி சலோ" என்று முழங்கினார். அந்த அழைப்பைக் கேட்டு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் படையில் சேர்ந்தார்கள். கங்காணியின் அதட்டலுக்குப் பணிந்து ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிப்பாய்களானார்கள். சில மாதங்களில் ஜான்சி ராணிப் படை உருவானபோது தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினார்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் அவர்களில் பலர். நம் பள்ளிப் பாடங்களில் அவர்களுக்கு இன்னும் நிறைய இடம் கொடுத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இப்போது பாடாங்கில் கிரிக்கெட், ரக்பி ஆடுகிறார்கள். ஆகஸ்ட் 9 அணிவகுப்பும் பல ஆண்டுகளில் இங்கேயே நடக்கிறது. நீங்கள் போனால் கன்னாட் டிரைவைக் கடந்து எஸ்பிளனேட் பூங்காவுக்கும் போய்விட்டு வாருங்கள். போர் முடியும் தறுவாயில் இந்திய தேசிய ராணுவ வீரர்களுக்காக அங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்துத் தள்ளினார்கள். அது நின்ற இடத்தைக் காட்டும் நினைவுப் பலகை 1995-இல் வைத்தது. பலரும் கவனிக்காமல் நடந்து போய்விடுகிறார்கள், நீங்கள் நின்று படியுங்கள்.