மெடிகேர் வரும்வரை மருத்துவக் காப்பீடு: வாசகர் கேள்வி பதில்

மெடிகேர் என்பது 65 வயதில் கிடைக்கும் அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு. அந்த வயதுக்கு முன்பே வேலையை விடும் அமெரிக்க வாசகர்களின் கேள்விகள் இவை. டாலர் வரம்புகள் 2026-ஆம் ஆண்டுக் காப்பீட்டுக்கானவை. ஆண்டுதோறும் சற்று மாறும்.

கேள்வி: எனக்கு 61, மனைவிக்கு 59. ஜூன் கடைசியில் ரிடையர் ஆகிறேன். கோப்ராவுக்கு (வேலையை விட்ட பிறகும் அலுவலகக் காப்பீட்டைச் சொந்தக் காசில் தொடரும் வசதி) இருவருக்கும் சேர்த்து மாதம் 1,900 டாலர் என்கிறார்கள். மார்க்கெட்பிளேஸில் (தனிநபர்கள் காப்பீடு வாங்கும் அரசுச் சந்தை) மலிவாகக் கிடைக்குமா? – வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: டிசம்பர் வரைக்கும் ஒரு பதில், ஜனவரிக்குப் பிறகு வேறு பதில்.

மார்க்கெட்பிளேஸ் மானியத்துக்கு முழு ஆண்டு வருமானம்தான் கணக்கு. ஆறு மாதச் சம்பளம், போனஸ், எடுக்காத விடுப்புக்கான பணம் எல்லாம் சேர்ந்து இருவர் குடும்பத்துக்கான உச்ச வரம்பு 84,600 டாலரைத் தாண்டிவிட்டால் அந்த ஆண்டு மானியமே கிடையாது. 2021-லிருந்து இருந்த கூடுதல் மானியம் 2025 முடிவோடு போய்விட்டது. முழு விலை கொடுத்துப் புதுத் திட்டம் வாங்கினாலோ, டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நாம் கட்டவேண்டிய தொகை) மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அலுவலகத் திட்டத்தின் டிடக்டிபிளை இதற்குள் கட்டி முடித்திருந்தால், டிசம்பர் வரை கோப்ராவிலேயே இருப்பது பெரும்பாலும் லாபம்.

கோப்ரா வேண்டுமா என்று முடிவெடுக்க 60 நாள் உண்டு. ஒப்புக்கொண்ட பிறகு முதல் தவணை கட்ட இன்னும் 45 நாள். ஆனால் வேலையை விட்டு 60 நாள் கடந்தபின், நடு ஆண்டில் "கட்டுப்படியாகவில்லை" என்று கோப்ராவை நீங்களாக நிறுத்தினால், மார்க்கெட்பிளேஸ் உங்களுக்காகக் கதவைத் திறக்காது. 18 மாதமும் முடிந்து தானாகத் தீர்ந்தால் திறக்கும். இதில் ஏமாந்து மாதக்கணக்கில் காப்பீடே இல்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். நவம்பர் 1-இல் பொதுப் பதிவு தொடங்கும். டிசம்பர் 15-க்குள் பதிந்து ஜனவரி 1-இல் மாறுங்கள்.

ஜனவரியிலிருந்து உங்கள் பிரீமியத்தைத் தீர்மானிக்கப்போவது உங்கள் வருமானம். எனவே திட்டங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளில் வருமானத்தை எழுதுங்கள். 401(கே), சாதாரண ஐ.ஆர்.ஏ. ஆகிய ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகள் இரண்டிலிருந்தும் எடுப்பது முழுக்கக் கணக்கில் வரும். பங்கு விற்றால் லாபம் மட்டும் வரும், முதல் வராது. வங்கிச் சேமிப்பை எடுத்துச் செலவழித்தால் எதுவும் வராது. ராத் கணக்கிலிருந்து (முன்பே வரி கட்டிய பணத்தைப் போடும் ஓய்வுக்காலக் கணக்கு) வரியில்லாமல் எடுக்கும் பணமும் வராது.

நம்மவர்கள் விட்டுவிடுவது இந்திய வருமானத்தை. என்.ஆர்.இ. டெபாசிட் (வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கியில் வைப்பது) வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அமெரிக்காவில் உண்டு, மானியக் கணக்கிலும் சேரும். 50 லட்சம் ரூபாய்க்கு 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு மூன்றரை லட்சம், ஏறத்தாழ 4,000 டாலர். ஓராண்டுக்கு மேற்பட்ட டெபாசிட்டில் வட்டியை முதிர்வில் மொத்தமாக வாங்கினாலும் ஆண்டுதோறும் காட்டியாக வேண்டும். ஊரில் வாடகைக்கு விட்ட வீடு இருந்தால் செலவும் தேய்மானமும் போக நிகர வாடகை சேரும்.

இப்போது விளைவைப் பாருங்கள். மார்க்கெட்பிளேஸ் திட்டங்கள் பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு என்று வகைப்படும். பிரான்ஸில் பிரீமியம் குறைவு, கைச்செலவு அதிகம்; கோல்டில் நேர்மாறு. வருமானம் 50,000 டாலர் என்றால், உங்கள் பகுதியின் இரண்டாவது மலிவான சில்வர் திட்டத்துக்கு இருவருமாகக் கட்டுவது மாதம் சுமார் 330 டாலர். 84,000 என்றால் சுமார் 700. 84,601 என்றால் முழு விலை. இந்த வயதில் இருவருக்கு அது 2,000 டாலரைத் தாண்டுவது பல இடங்களில் சாதாரணம். அதோடு, ஆண்டு முழுவதும் முன்கூட்டி வாங்கிய மானியத்தை வரித் தாக்கலின்போது முழுவதும் திருப்பித் தரவேண்டும். முன்பு குறைந்த வருமானக்காரர்களுக்குத் திருப்பிக் கட்ட ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 முதல் அதுவும் யாருக்கும் இல்லை.

பலரையும் வரம்புக்கு மேலே தள்ளுவது டிசம்பரில் மியூச்சுவல் ஃபண்டுகள் பிரித்துத் தரும் லாபம். நீங்கள் எதையும் விற்காமலேயே அது வருமானமாகிவிடும். 4,000 டாலராவது இடைவெளி விட்டு வையுங்கள். அதையும் மீறிப்போனால் எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு; போடும் பணம் வருமானத்தில் கழியும்) கைகொடுக்கும். 2026 முதல் மார்க்கெட்பிளேஸ் பிரான்ஸ் திட்டங்கள் எல்லாமே எச்.எஸ்.ஏ.வுக்குத் தகுதி பெற்றவை. குடும்பமாக 8,750 டாலர், 55 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் மேலும் 1,000 போடலாம். சம்பளம் இருக்கவேண்டும் என்பதில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 வரை போடலாம் என்பதால், ஆண்டு முடிந்த பிறகும் வருமானத்தைக் குறைக்க உங்களிடம் இருக்கும் ஒரு வழி இது.

டெக்சஸில் கீழ் வரம்பையும் கவனியுங்கள். வருமானம் 21,150 டாலருக்குக் கீழே போனால் மானியம் இல்லை. டெக்சஸ் மெடிகெய்டை (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீடு) விரிவாக்காததால் அங்கும் இடமில்லை. சேமிப்பில் மட்டும் வாழ்பவர்கள் ஐ.ஆர்.ஏ.விலிருந்து ராத்துக்குக் கொஞ்சம் மாற்றி வருமானத்தை உயர்த்திக்கொள்ளலாம்.

கேள்வி: சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். பிரான்ஸா, கோல்டா? – வாசகி, எடிசன், நியூ ஜெர்ஸி

பதில்: ஏற்கெனவே இருக்கும் நோய்க்காக மறுக்கவோ கூடுதல் கட்டணம் கேட்கவோ முடியாது, அந்தக் கவலை வேண்டாம். ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு கூட்டல் போடுங்கள். உதாரணமாக, மானியம் போக பிரான்ஸ் மாதம் 250, கையிலிருந்து கட்டும் உச்சத் தொகை 10,600. கோல்டு மாதம் 520, உச்சத் தொகை 7,500 என்று வைப்போம். மோசமான ஆண்டில் பிரான்ஸுக்கு 13,600, கோல்டுக்கு 13,740. வித்தியாசமே இல்லை. நல்ல ஆண்டில் பிரான்ஸ் 3,240 டாலர் மிச்சம். மெட்ஃபார்மின் போன்ற பழைய மாத்திரைகள் மட்டும் என்றால் பிரான்ஸ் போதும். விலையுயர்ந்த ஊசி மருந்து எடுத்தால், திட்டத்தின் மருந்துப் பட்டியலில் அதன் பெயரைத் தேடிய பிறகே முடிவெடுங்கள்.

உங்கள் இருவர் குடும்ப வருமானம் 42,300 டாலருக்குள் இருந்தால் சில்வரைத் தவிர வேறு எதையும் எடுக்காதீர்கள். அந்த வருமானத்துக்கு டிடக்டிபிளையும் உச்சத் தொகையையும் நன்றாகக் குறைக்கும் சலுகை சில்வரில் மட்டும்தான் உண்டு.

டாக்டர் அலுவலகத்தில் கேட்கும்போது காப்பீட்டு நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் "எடுப்போம்" என்றுதான் சொல்வார்கள். திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி, அதன் நெட்வொர்க்கில் (ஒப்பந்த டாக்டர்கள் பட்டியலில்) இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: ஆண்டில் ஆறு மாதம் கோவையில் இருப்போம். காப்பீட்டை நிறுத்திவிடலாமா? – வாசகர், ஃபிரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: வேண்டாம். பயணம் போய்த் திரும்புவது, விட்ட காப்பீட்டில் மறுபடி சேரக் காரணமாகாது. இந்தியாவிலேயே குடியிருந்துவிட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து வந்தால் மட்டும் 60 நாள் வாய்ப்பு உண்டு. கலிஃபோர்னியாவில் காப்பீடு இல்லாத மாதங்களுக்கு மாநில வரி அபராதமும் இருக்கிறது. மார்க்கெட்பிளேஸ் திட்டங்கள் பொதுவாக இந்தியச் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. அதற்குத் தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள்.

கேள்வி: இருவருக்கும் சேர்த்து மாதம் 199 டாலர், டிடக்டிபிளே இல்லை என்று போன் வந்தது. நம்பலாமா? – வாசகி, அட்லாண்டா

பதில்: கார்டு எண்ணைத் தராதீர்கள். இந்த விலைக்கு வருவது பெரும்பாலும் குறுகிய காலத் திட்டமாகவோ, ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் நிலையான தொகைத் திட்டமாகவோ இருக்கும். முன்பே இருந்த நோய் என்றால் குறுகிய காலத் திட்டம் கைவிரிக்கும். நிலையான தொகைத் திட்டத்தில் கொடுத்தது போக மிச்ச பில்லுக்கு உச்சவரம்பே இல்லை. இதயத்துக்கு ஒரு அறுவை சிகிச்சை வந்தால் வீட்டை விற்கும் நிலை வரும்.

கேள்வி: கணவருக்கு அடுத்த மே மாதம் 65. எனக்கு 61. இருவரும் ஒரே மார்க்கெட்பிளேஸ் திட்டத்தில் இருக்கிறோம். என்ன செய்யவேண்டும்? – வாசகி, ராலே

பதில்: அவர் பிப்ரவரியிலேயே மெடிகேருக்கு விண்ணப்பிக்கலாம், மே 1-இல் தொடங்கும். பிறந்தநாள் மே 1 என்றால் ஏப்ரல் 1-இலேயே தொடங்கும். அவரிடமோ உங்களிடமோ 40 காலாண்டு, அதாவது பத்தாண்டு வேலைக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பார்ட் ஏ (மெடிகேரின் ஆஸ்பத்திரிக் காப்பீடு) இலவசம். உங்கள் கணக்கை வைத்து அவர் பெறுவதாக இருந்தால் உங்களுக்கு 62 ஆகியிருக்கவேண்டும்.

இலவசப் பார்ட் ஏ கிடைக்கும் மாதத்திலிருந்து அவருக்கு மார்க்கெட்பிளேஸ் மானியம் இல்லை. தானாக நிற்காது, நீங்களே உள்ளே போய் அவர் பெயரை மட்டும் எடுக்கவேண்டும். திட்டத்தையே ரத்து செய்தால் உங்கள் காப்பீடும் சேர்ந்து போய்விடும். உங்கள் மானியம் இருவர் வருமானத்தை வைத்துத்தான் தொடரும், 84,600 வரம்பும் அப்படியே. கூட்டாக வரி தாக்கல் செய்யவேண்டும். தனித்தனியாகச் செய்தால் மானியம் போய்விடும்.

இதே நிலையில் கோப்ராவில் இருப்பவர்கள், அது இருக்கிறதே என்று பார்ட் பி-யை (மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) தள்ளிப்போடக் கூடாது. கோப்ராவை வேலையில் இருப்பவரின் காப்பீடாக மெடிகேர் ஏற்பதில்லை. தாமதிக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பார்ட் பி பிரீமியம் 10 சதவீதம் கூடும், அது ஆயுள் முழுக்கத் தொடரும்.