டிஸ்க்கா, டவுன்லோடா? கேம் வாங்குவோரின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மகனுக்கு பிளேஸ்டேஷன் 5 வாங்க இருக்கிறேன். டிஸ்க் டிரைவ் இல்லாதது விலை குறைவு என்கிறார்கள். அதையே வாங்கலாமா?

பதில்: முடிந்தவரை டிஸ்க் டிரைவ் உள்ளதையே வாங்குங்கள். அது இல்லாவிட்டால் கேம்களை சோனியின் இணையக் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கும். அங்கே சொன்னதுதான் விலை. டிஸ்க் என்றால் நான்கு கடைகளில் விலை கேட்கலாம், பழையதை வாங்கலாம், விளையாடி முடித்ததும் விற்றுவிடலாம். நான் முடித்த ஒரு கேமைத் தங்கை மகனுக்குக் கொடுத்தேன். அவன் தன் நண்பனுக்குக் கொடுத்தான். மூன்று வீடு சுற்றித் திரும்பி வந்தபோது உறையின் ஒரு மூலை உடைந்திருந்ததே தவிர, டிஸ்க் குறையில்லாமல் ஓடியது. இப்போது பணம் போதாதென்றால், 2023இல் வந்த மெலிந்த மாடலை வாங்கி, டிரைவைப் பிறகு தனியாக வாங்கிப் பொருத்தலாம். முதல்முறை பொருத்தும்போது மட்டும் இணைய இணைப்பு வேண்டும்.

கேள்வி: டிஜிட்டலில் காசு கொடுத்து வாங்கியது எனக்குச் சொந்தம்தானே?

பதில்: இல்லை, உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. 'வாங்கு' என்ற பொத்தானை வைத்துவிட்டு இதை மறைப்பது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், இத்தகைய விற்பனையில் அது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது.

கேள்வி: அப்படியானால் டிஸ்க் வாங்கியவருக்குக் கவலையே இல்லையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 2014இல் வெளிவந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம், இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வர்களோடு இணைந்தால்தான் ஓடும். அந்த சர்வர்களை கேமின் நிறுவனமான யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதை விளையாட முடியாமல் போயிற்று. நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற கேம் கருவிக்கு விற்கும் 'கேம்-கீ கார்டு'களில் கேமே இருப்பதில்லை. இணையத்தில் முழுவதையும் இறக்கிக்கொள்ள வேண்டும், அதன் பிறகும் விளையாடும் ஒவ்வொரு முறையும் கார்டைச் செருக வேண்டும். மறுவிற்பனை செய்யலாம் என்பது மட்டுமே அதில் உள்ள ஆறுதல். உறையின் முன்பக்க அடிப்பகுதியில் இதற்கான குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். பணம் கொடுக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: இணையக் கடையை மூடிவிட்டால், ஏற்கெனவே வாங்கியவை போய்விடுமா?

பதில்: உடனே போவதில்லை. நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கேம் கருவியான 3டிஎஸ்ஸுக்கான இணையக் கடையில் விற்பனை 2023 மார்ச்சில் நின்ற பிறகும், வாங்கியவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ள அனுமதி தொடர்ந்தது. அந்த அனுமதி எவ்வளவு காலம் என்பது அந்த நிறுவனத்தின் கையில்.

கேள்வி: கம்ப்யூட்டரில் விளையாடுபவர்கள் என்ன செய்வது?

பதில்: அங்கே டிஸ்க் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கினால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பல ஆண்டுகள் வைத்திருக்க விரும்பும் கேம் ஜிஓஜி தளத்தில் கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள். அங்கே கிடைக்கும் இன்ஸ்டாலர் கோப்பை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் சேமித்துக்கொண்டால், பிறகு இணையமில்லாமலேயே நிறுவிக்கொள்ளலாம்.