துணியில் சிக்கிய மணல்: காரைத் தாமே கழுவுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் கறுப்பு நிறக் காரை வாரம் தவறாமல் கழுவுகிறேன். நல்ல ஷாம்புவும் மெத்தென்ற துணியும்தான் பயன்படுத்துகிறேன். ஆனாலும் வெயிலில் பார்த்தால் பானெட் முழுவதும் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிகின்றன. வட்டமாகத் தேய்ப்பதுதான் காரணமா?

பதில்: நீங்கள் காணும் வட்டங்களில் பெரும்பகுதி கண்ணுக்குத் தோன்றும் வட்டங்களே. மிக மெல்லிய கீறல்கள் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கும்போது, சூரியனின் பிரதிபலிப்புக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் பளிச்சிடுகின்றன. மற்றவை கண்ணில் படுவதில்லை. பளிச்சிடுபவை ஒன்றுசேர்ந்து ஒளியைச் சுற்றிய வளையங்கள்போலக் காட்சி தருகின்றன. இரண்டடி நகர்ந்து நின்று பாருங்கள், வலையும் உங்களோடு நகரும். ஆகவே வட்டமாகத் தேய்ப்பதை விட்டுவிட்டு நேர்கோட்டில் தேய்த்தால் மட்டும் கீறல் நின்றுவிடாது. விழுகிற கீறல்கள் ஒரே திசையில் விழுவதால் பல கோணங்களிலிருந்து சற்றுக் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான்.

உண்மையான காரணம் துணிக்கும் பெயின்ட்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும் மணல். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என அடுக்குகள் உள்ளன. அத்தனையும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். அதில் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமனுள்ள ஒரு தலைமுடியைவிடவும் மெல்லியது. சாலைத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகளோ, கனிமங்களின் கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் 7 என்ற இடத்தில் இருக்கிறது. சாதாரணக் கத்தியின் எஃகே அதில் ஐந்தரை அளவில்தான் நிற்கிறது. அப்படிப்பட்ட துகளை, எவ்வளவு மெத்தென்ற துணியால் அழுத்தி இழுத்தாலும் கோடு விழத்தான் செய்யும். வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல்கள் இருக்கும். கறுப்பு அவற்றை மறைப்பதில்லை என்பதே வேறுபாடு.

கேள்வி: இரண்டு வாளி வைத்துக் கழுவ வேண்டும் என்கிறார்கள். உண்மையிலேயே அது அவசியமா, அல்லது கூடுதலாகப் பொருள் விற்பதற்கான உத்தியா?

பதில்: வாளியைப் பற்றிப் பேசுவதற்கு முன், வாளியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலரும் தவறவிடுவது அதைத்தான். கையோ துணியோ படுவதற்கு முன்னால் எவ்வளவு மண்ணைத் தண்ணீரே எடுத்துச் செல்கிறதோ, அவ்வளவுக்குக் கீறல் குறையும். நிழலில் நிறுத்தி, பானெட் கையில் சுடாத நிலைக்கு வந்த பிறகு, மேற்கூரையிலிருந்து கீழ்நோக்கி நிதானமாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் விசிறிபோல விரியும் முனையை மாட்டி, ஏறக்குறைய ஓரடி தள்ளிப் பிடியுங்கள். பெயின்ட் ஏற்கெனவே பெயர்ந்திருக்கும் இடத்தில் நெருக்கமாக அடித்தால் ஓரம் மேலும் உரிந்துவரக்கூடும். பிறகு நுரையைப் பூசி, சில நிமிடங்கள் ஊறவிட்டு, அது காய்வதற்குள் மீண்டும் தண்ணீர் அடியுங்கள். நுரை அடிக்கும் துப்பாக்கி இல்லாதவர்கள் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் சிறு கைத்தெளிப்பானில் ஷாம்புத் தண்ணீரை நிரப்பித் தெளிக்கலாம். நுரையின் அடர்த்தி பார்ப்பதற்கு அழகாக இருக்குமே தவிர, மண்ணை இளக்குவது அதிலுள்ள ஷாம்புவும் அது ஊறும் நேரமும்தான்.

இனி வாளிக்கு வருகிறேன். இரண்டு வாளி தேவைதான், ஆனால் அவை எந்த வாளியாகவும் இருக்கலாம். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். துடைக்கும் கையுறையை ஷாம்பு வாளியில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்த பிறகு, அதை வெறும் தண்ணீரில் நன்றாக அலசிப் பிழிந்துவிட்டே மீண்டும் ஷாம்புவில் முக்க வேண்டும். ஒரே வாளியாக இருந்தால், கூரையிலிருந்து எடுத்த மண்ணையே கலக்கிக் கதவின்மீது பூசிக்கொண்டிருப்போம். கழுவி முடித்ததும் அலசும் வாளியின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள்; அங்கே நெருநெருவென்று தட்டுப்படும் மணல் அத்தனையும் வேறுவிதமாக இருந்தால் காரின்மீது உருண்டிருக்க வேண்டியது. வாளியின் அடியில் வைக்கும் சல்லடைத் தட்டு, அந்த மணல் மறுபடியும் மேலே கலங்காமல் தடுக்கிறது என்பதால் அதற்கும் ஒரு பயன் உண்டு.

துடைக்கும் பொருளாகத் தட்டையான ஸ்பாஞ்சைத் தவிர்த்து, நீண்ட இழைகள் கொண்ட மைக்ரோஃபைபர் கையுறையையோ ஆட்டு ரோமக் கையுறையையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சின் தட்டையான முகத்தில் மணலுக்கு ஒதுங்க இடமில்லை. அது பெயின்ட்டோடு ஒட்டியே இழுபடுகிறது. நீண்ட இழைகளிலோ துகள் உள்ளே ஏறிவிடுகிறது. கையுறையின் எடையே போதும், அழுத்த வேண்டாம். கூரை, கண்ணாடிகள், பானெட், கதவுகளின் மேற்பாதி என்று இறங்கி வந்து, மண் அதிகம் தெறிக்கும் கதவின் கீழ்ப்பகுதியையும் பின்பம்பரையும் கடைசியில் தொடுங்கள். சக்கரங்களுக்கென்று மூன்றாவதாக ஒரு வாளியும் தனித் துணியும் வேண்டும். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் ஒருபோதும் பெயின்ட் துணிக்கு வந்து சேரக் கூடாது. ஓட்டி வந்தவுடன் சூடான பிரேக் டிஸ்க்கின்மீது குளிர்ந்த நீரை அடிப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: தினமும் காலையில் உலர்ந்த துணியால் தூசியை மட்டும் தட்டித் துடைக்கிறேன். அதில் தவறில்லையே?

பதில்: இருக்கிறது. என்னைக் கேட்டால், கார்களில் காணும் மெல்லிய கீறல்களில் மிகுதியானவை கழுவும்போது விழுந்தவை அல்ல, இந்தக் காலைத் துடைப்பில் விழுந்தவைதான். தூசியோடும் ஓட்டுவது காருக்குத் தீங்கன்று. தூசியை உலர்ந்த நிலையில் இழுப்பதே தீங்கு. தண்ணீர் குறைவான இடத்திலோ குழாய் வசதி இல்லாத அடுக்ககத்திலோ இருப்பவராக இருந்தால், அலசத் தேவையில்லாத வகை ஷாம்புவைக் குறிப்பிட்ட அளவு தண்ணீரில் கலந்து, முதலில் தாராளமாகத் தெளித்து ஊறவிட்டு, நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு திசையில் ஒரே இழுப்பாக எடுக்கலாம். ஒவ்வோர் இழுப்புக்கும் துணியின் புதிய முகம் வர வேண்டும். நான்காக மடித்தால் ஒரே துணியில் எட்டு முகங்கள் கிடைக்கும். சேறு அப்பிய காருக்கு இந்த முறை ஆகாது.

தூசி படிந்த காருக்கு உறை போடுபவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றில் அசையும் உறை, அடியிலிருக்கும் தூசியை நாள் முழுவதும் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தலாமா?

பதில்: ஒருமுறை பயன்படுத்தியதால் பெயின்ட் கெட்டுவிடாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்யப்பட்ட அந்தத் திரவம், நீங்கள் பூசிய வாக்ஸையும் சேர்த்தே அரித்து எடுக்கத் தொடங்கும். மேலும், கார் ஷாம்புவில் கையுறை வழுக்கிச் செல்வதற்கான பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். அந்த வழுவழுப்புதான் மணலையும் பெயின்ட்டையும் பிரித்து வைக்கிறது. பி.எச். நடுநிலையில் உள்ள, அதாவது அமிலமும் காரமும் அல்லாத ஷாம்பு போதும்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர். கழுவி முடித்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தங்கிவிடுகின்றன. அழுத்தித் தேய்த்தாலும் போகவில்லை.

பதில்: அழுத்தித் தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள். தண்ணீர் ஆவியான பிறகு எஞ்சி நிற்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் படிவு அது. அமிலத்தில் கரையுமே தவிர, தேய்ப்புக்கு எளிதில் அசையாது. வெள்ளை வினிகருடன் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, புள்ளிகளின்மீது ஓரிரு நிமிடங்கள் ஒற்றி வைத்து, பிறகு ஷாம்புவால் கழுவிவிடுங்கள். இதை நிழலில், குளிர்ந்த பெயின்ட்டின்மீது மட்டுமே செய்ய வேண்டும். படிவு போனபின்னும் குழிந்த வளையம் தெரிந்தால், அது கிளியர் கோட்டையே அரித்துவிட்டது என்று பொருள். அதற்குப் பாலிஷ்தான் வழி.

வராமல் தடுப்பதற்கு, தண்ணீர் தானாகக் காய்வதற்கு நேரம் கொடுக்கக் கூடாது. கடைசி அலசலின்போது குழாயின் முனையைக் கழற்றிவிட்டு, அழுத்தமில்லாத நீரை மேலிருந்து ஒரே தாரையாக வழியவிட்டால், நீர் படலமாகச் சரிந்து பெரும்பகுதி தானே இறங்கிவிடும். மீதியைப் பெரிய, அடர்ந்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். வசதி இருந்தால், இந்த இறுதி அலசலுக்கு மட்டுமாவது சேர்த்து வைத்த மழைநீரையோ உப்பு நீக்கிய நீரையோ பயன்படுத்தலாம்.

கேள்வி: பறவை எச்சத்தை உடனே எடுக்க வேண்டுமா, அல்லது வார இறுதியில் கழுவும்போது பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: அன்றே எடுங்கள். எச்சத்தில் அமிலம் இருப்பது ஒருபுறம். வெயிலில் சூடேறிய கிளியர் கோட் மென்மையாகி விரிந்து, குளிரும்போது அந்த இறுகிய எச்சத்தின் மேடுபள்ளத்தை ஏற்றுக்கொண்டு சுருங்குவது மறுபுறம். அதனால்தான் சுத்தம் செய்த பிறகும் அதே வடிவில் மங்கலான தழும்பு நிற்கிறது. ஆனால் அவசரத்தில் டிஷ்யூ தாளால் சுரண்டிவிடக் கூடாது, ஏனெனில் எச்சத்தில் விதைத் துணுக்குகளும் மண் துகள்களும் கலந்திருக்கும். ஈரத்துணியை அதன்மேல் போர்த்தி ஐந்து நிமிடம் ஊறவிட்டால், இளகியதை அப்படியே கிள்ளி எடுப்பதுபோல மேல்நோக்கித் தூக்கிவிடலாம்.

கேள்வி: 9 எச் கடினத்தன்மை கொண்ட செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று கடையில் உறுதி சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அந்த எண் பொய்யில்லை, அதைக் கேட்பவர் புரிந்துகொள்ளும் விதம்தான் பிழையாகிவிடுகிறது. 9 எச் என்பது மோஸ் அளவுகோலின் எண் அன்று. ஓவியர்கள் பயன்படுத்தும் பென்சில்களில் மென்மையானது முதல் கடினமானது வரை ஒரு வரிசை உண்டு. அவற்றைக் குறிப்பிட்ட அழுத்தத்தில் பூச்சின்மீது தள்ளிப் பார்க்கும் சோதனையில், அந்த வரிசையின் கடினமான முனையில் உள்ள 9 எச் பென்சிலும் கீறவில்லை என்பதே அதன் பொருள். பென்சிலின் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்தது. நாம் அஞ்ச வேண்டியதோ குவார்ட்ஸ் மணல்.

பெரும்பாலும் சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட இந்தப் பூச்சு ஓரிரு மைக்ரான் தடிமனே உடையது. சாவியின் கோட்டையோ தெறிக்கும் சரளைக் கல்லையோ அது தடுக்காது. நீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் விடும், எச்சமும் பிசினும் உடனே அரிக்காது என்பவை அதன் உண்மையான நன்மைகள். அழுக்கு எளிதில் விடுவதால் தேய்ப்பது குறைகிறது, தேய்ப்பது குறைவதால் கீறலும் குறைகிறது. இந்த மறைமுகப் பயனுக்காக அதைப் போடலாம். பிரேசிலில் வளரும் கார்னௌபா பனையின் இலை மெழுகால் ஆன வாக்ஸ் சில வாரங்களும், சீலன்ட் எனும் செயற்கைக் காப்புப் பூச்சு சில மாதங்களும் இதே வேலையை ஓரளவு செய்யும். கைவேலையில் விருப்பமுள்ளவருக்கு அவையே போதும் என்பது என் கருத்து. எதைப் பூசினாலும், இருக்கிற கீறலை நீக்காமல் செராமிக் பூசினால், அந்தக் கீறலுக்கும் சேர்த்தே ஆண்டுக்கணக்கில் காப்பு போட்டதாகிவிடும்.

கேள்வி: ஏற்கெனவே விழுந்த கீறல்களை நானே பாலிஷ் செய்து எடுக்க முடியுமா?

பதில்: முதலில் நகத்தின் நுனியைக் கீறலுக்குக் குறுக்காக மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால், பாலிஷால் முழுமையாகத் தீராத ஆழம் என்று கொள்ளலாம். தட்டாமல் வழுக்கிப் போனால் முயலலாம்.

பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டத்தை நோக்கி அதைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டையே தேய்த்துத் தாழ்த்துகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் பொருள்களும் அந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கின்றன. ஒருமுறை எடுத்தது திரும்பி வராது. ஆகவே மிகச் சிறிதளவு எடுத்தாலும் அது செலவுதான். ஆண்டுதோறும் கம்பவுண்ட் எனும் கரடான பாலிஷைப் போட்டுப் பளபளப்பாக்கும் வழக்கத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே. வேலைக்கு முன் காரைக் கழுவி, மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். அது இருந்தால், வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, பெயின்ட்டில் ஒட்டிய துகள்களைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரால் மெல்லத் தடவி எடுங்கள். பிறகு, சுழன்றுகொண்டே இங்குமங்கும் அலையும் இரட்டை அசைவு இயந்திரத்தில் மென்மையான பேடையும் மிக நுண்ணிய பாலிஷையும் கொண்டு, ஒரு முழ நீள அகலமுள்ள இடத்தில் மட்டும் சோதித்துப் பாருங்கள். அது போதவில்லை என்றால் மட்டுமே கடினமானதற்குப் போகலாம். பெயின்ட் மெல்லிதாக இருக்கும் விளிம்புகளையும் மடிப்புகளையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். வேகமாக ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி இயந்திரத்தைப் பழகாத கை தொடவே வேண்டாம். பளபளப்பில்லாத மேட் நிறக் கார் என்றால் பாலிஷும் கிடையாது, வாக்ஸும் கிடையாது. பளபளப்பான திட்டு விழுந்தால் அதைத் திரும்ப மங்கலாக்க வழியில்லை.

கேள்வி: துடைத்துக்கொண்டிருக்கும்போது துண்டு தரையில் விழுந்துவிட்டால் உதறிவிட்டுத் தொடரலாமா?

பதில்: கூடாது. மைக்ரோஃபைபர் இழைகள் துகளைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகவே பிளக்கப்பட்டவை, உதறினால் விடமாட்டா. தனியாக, பருத்தித் துணிகளோடு சேர்க்காமல், துணி மென்மையாக்கி ஊற்றாமல் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். துவைத்த பின்னும் தடவும்போது எங்கோ நறநறத்தால், அந்தத் துண்டைச் சக்கரம் துடைக்க ஒதுக்கிவிடுங்கள்.